வாரம் ஒரு மாத்திரை, முதல் மூன்று மாதம் மட்டும் இரண்டு: சாயா எப்படி வேலை செய்கிறது?

நம் கிராமங்களில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் ஆபரேஷன் என்றே பொருள். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் குழந்தை பெறும் வயதில் உள்ள மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். இரண்டாவது குழந்தையை மூன்று வருடம் தள்ளிப்போட நினைக்கும் பெண்ணுக்கு ஆபரேஷன் உதவாது. அவளுக்காக அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைப்பவற்றில் ஒன்றுதான் சாயா மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்த சென்ட்குரோமன் என்ற மருந்து இது. 1991-இல் சகேலி என்ற பெயரில் கடைகளுக்கு வந்தது. 2016-இல் சாயா என்ற பெயரில் தேசியக் குடும்பநலத் திட்டத்தில் சேர்ந்தது.

மாலா போன்ற தினசரி மாத்திரைகளில் ஹார்மோன் இருக்கும். அவை கருமுட்டை வெளிவருவதையே தடுக்கும். சாயாவில் ஹார்மோன் கிடையாது. கருமுட்டை வழக்கம்போல வெளிவரும். மாற்றம் நடப்பது கர்ப்பப்பையில். கரு வந்து ஒட்டுவதற்கு கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் பக்குவமாக வேண்டும். அந்தப் பக்குவம் ஒவ்வொரு சுழற்சியிலும் சில நாட்களே நிலைக்கும். உட்சுவரைத் தயார் செய்யச் சொல்லும் உடலின் சொந்த ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போய்ச் சேரும் ஏற்பிகளில் (செல்களில் அது ஒட்டும் இடங்களில்) சென்ட்குரோமன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. கருக்குழாய் வழியே கரு வந்து சேரும் நேரமும் உட்சுவர் பக்குவமாகும் நேரமும் ஒத்துப்போகாததால் கரு ஒட்டுவதில்லை. ஒட்டி வளரத் தொடங்கிய கருவை இந்த மாத்திரை கலைக்காது.

வாரம் ஒன்றே போதும் என்பதற்குக் காரணம், மருந்து உடலைவிட்டு மெதுவாக வெளியேறுவதுதான். இரத்தத்தில் உள்ள அளவு பாதியாகக் குறையவே சுமார் ஏழு நாள் ஆகிறது. ஒரு மாத்திரையில் 30 மில்லிகிராம். வாரம் ஒன்று வீதம் பல வாரம் போட்டால், அடுத்த மாத்திரைக்கு முன்பு எஞ்சியிருப்பது தோராயமாக 30 மில்லிகிராமில் நிலைக்கும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே ஒன்று மட்டும் போட்டால், இரண்டாவது மாத்திரைக்கு முன்பு மிஞ்சியிருப்பது 15தான். அந்த 30-ஐ நெருங்கப் பல வாரம் பிடிக்கும். முதல் வாரத்திலேயே இரண்டு போட்டாலோ ஏழாம் நாளில் 35 இருக்கும். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு என்பதன் கணக்கு இதுதான். “பாதியளவு போட்டால் போதாதா, சூடு அல்லவா?” என்று தானாகக் குறைத்துக்கொள்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகிறார்கள்.

முறை இப்படி: மாதவிடாய் தொடங்கிய முதல் நாளில் ஒன்று, அதிலிருந்து மூன்று நாள் கழித்து இன்னொன்று. முதல் நாள் ஞாயிறு என்றால் ஞாயிறும் புதனும். செவ்வாய் என்றால் செவ்வாயும் வெள்ளியும். மூன்று மாதம் முடிந்ததும் முதல் மாத்திரை போட்ட கிழமையில் மட்டும் வாரம் ஒன்று. அட்டைக்கு எட்டு மாத்திரை. ஆரம்பத்தில் ஓர் அட்டை நான்கு வாரத்துக்கு வரும், பிறகு எட்டு வாரத்துக்கு. நாட்காட்டியில் அந்தக் கிழமைகளை முன்கூட்டியே வட்டமிட்டு, போட்டதும் அடித்துவிடுவது நல்லது. வாரம் ஒருமுறை செய்கிற வேலை தினசரி வேலையைவிடச் சுலபமாக மறந்துபோகும். மாதவிடாய் நாட்களிலும் நிறுத்தக்கூடாது.

மறந்துவிட்டால், நினைவு வந்த உடனே போட வேண்டும். தாமதம் ஏழு நாளுக்குள் என்றால் பழைய கிழமைப்படியே தொடரலாம். ஆனால் அடுத்த மாதவிடாய் வரும்வரை ஆணுறையும் வேண்டும். ஏழு நாளுக்கு மேல் போய்விட்டால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, புதிதாகத் தொடங்குபவரைப் போல மீண்டும் மூன்று மாதம் வாரம் இரண்டு.

வெளியூரில் வேலை செய்யும் கணவர் ஊருக்கு வரும் நாட்களில் மட்டும் போட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. மருந்து உடலில் சேர்ந்திருந்தால்தான் பலன். இது அவசர கருத்தடை மாத்திரை அல்ல. அவர் எப்போதாவதுதான் வருவார் என்றால் ஆணுறையோ காப்பர்-டியோ பொருத்தமாக இருக்கும். பால்வினை நோயைத் தடுப்பதும் ஆணுறை மட்டுமே.

பெண்கள் இதைப் பாதியில் விடுவதற்கு நாங்கள் முதன்மையாகக் கருதும் காரணம் ஒன்று உண்டு: “நாள் தள்ளிப்போகுது.” தொடக்க மாதங்களில் சிலருக்கு மாதவிடாய் தாமதமாகும், போக்கும் குறையும். கெட்ட இரத்தம் உள்ளே தங்கிவிட்டதோ என்ற பயம் வந்துவிடுகிறது. அப்படி எதுவும் தங்குவதில்லை. மாதவிடாயில் வெளியேறுவது உட்சுவரும் அதன் இரத்தமும்தான். சுவர் அதிகம் தடிக்காதபோது வெளியேறவும் குறைவாகவே இருக்கிறது. மாத்திரையைக் கையில் கொடுக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். பயந்த பிறகு சொன்னால் மனதில் ஏறாது. ஆனால் எதிர்பார்த்த தேதிக்கு மேல் 15 நாள் தாண்டினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்து கர்ப்பமா என்று பார்த்தாக வேண்டும்.

பால் கொடுக்கும் தாய்மார்கள் போடலாம். அண்மையில் மஞ்சள் காமாலை வந்தவர்கள், கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், சினைப்பையில் நீர்க்கட்டி இருப்பவர்கள், காசநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் போடக்கூடாது. கிராம சுகாதாரச் செவிலியர் இவற்றைக் கேட்கும்போது கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தால் மாத்திரையை நிறுத்தினால் போதும், எதையும் எடுக்கவோ அகற்றவோ வேண்டியதில்லை. கடைசி மாத்திரை போட்ட அன்று உடலில் சுமார் 60 மில்லிகிராம் இருந்தால், வாரம் பாதி பாதியாகக் கரைந்து ஐந்தாவது வார முடிவில் 2 மில்லிகிராம்கூட இருக்காது.