விமான நர்ஸ் காற்றைக் கணக்கிடுவது ஏன்?

காயம்பட்ட வீரர்களை ஏற்றிய ராணுவ விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே பொதுவாக 8,000 அடி மலையுச்சியின் காற்றழுத்தம்தான் இருக்கும். கடல்மட்டத்தில் 760 மி.மீ. பாதரசம், அங்கே சுமார் 565. அழுத்தம் குறைந்தால் அடைபட்ட வாயு விரியும் என்கிறது பாயில் விதி. உடலுக்குள் சிக்கிய காற்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருத்துவிடும்.

அமெரிக்க ராணுவத்தின் முதல் விமான நர்ஸ்கள் 1943 பிப்ரவரியில் கென்டக்கியின் போமன் ஃபீல்டில் பயிற்சி முடித்தார்கள். அவர்கள் பணியாற்றிய சி-47 போக்குவரத்து விமானத்தில் அழுத்தக் கட்டுப்பாடே கிடையாது.

அதிகம் பயப்பட வேண்டியது மார்புக் காயத்துக்கு. நுரையீரலைச் சுற்றிக் கசிந்த கொஞ்சம் காற்று தரையில் தொல்லை தராமல் இருக்கலாம். மேலே போனதும் விரிந்து நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கும். அதனால் ஏற்றும் முன்பே மார்பில் குழாய் செருகி, காற்று வெளியேற மட்டும் வழிவிடும் ஒருவழி வால்வைப் பொருத்துவார்கள். வால்வைத் திருப்பி மாட்டினாலோ, ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது குழாயில் போட்ட கிளிப்பை எடுக்க மறந்தாலோ ஆளே போய்விடக்கூடும்.

மூச்சுக்குழாய்க்குள் செருகிய குழாயின் நுனியில் ஒரு குட்டிப் பலூன் உண்டு. அதன் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். விமானம் ஏறும்போது அது எகிறி உள்சுவரின் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். இறங்கும்போது சுருங்கிக் காற்று கசியும். காற்றுக்குப் பதில் சலைன் நிரப்புவோரும் உண்டு. அழுத்தமானியில் திரும்பத் திரும்ப அளப்பதே நல்லது.

என்ஜின் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப் உதவாது. மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் அளவையும் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடையும் மானிட்டரில் கவனிக்க வேண்டும்.

நர்ஸுக்கும் அதே மெல்லிய காற்றுதானே! பயிற்சியில் அழுத்த அறைக்குள் 25,000 அடிக்குச் சமமான நிலையில் முகமூடியைக் கழற்றி, எளிய கணக்குப் போடச் சொல்வார்கள். தப்பான விடையை எழுதிவிட்டு, சரியென்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆக்சிஜன் குறையும்போது தனக்கு முதலில் வரும் அறிகுறி விரல் நுனி மரப்பதா, தலை லேசாவதா என்று ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ளத்தான் இது.

ஆக்சிஜன் கணக்கு தனி. 400 லிட்டர் சிலிண்டர், நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் 40 நிமிடம். ஆம்புலன்ஸ், ஓடுபாதைக் காத்திருப்பு, தாமதம் எல்லாம் சேர்த்துக் கூடுதலாகவே எடுத்துச் செல்வார்கள்.

மண்டைக்குள்ளோ கண்ணுக்குள்ளோ காற்று சிக்கியிருந்தால், உள்ளழுத்தத்தைத் தரைமட்டத்துக்கு அருகில் வைக்கும்படி விமானியிடம் கேட்கலாம். அதற்குத் தாழ்வாகப் பறக்க வேண்டிவரும், எரிபொருள் கூடும். அதனால் கோரிக்கை புறப்படும் முன்பே போய்ச் சேர வேண்டும்.