பத்திரப் பதிவா, உரிமை மாற்றமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் வீட்டு விளம்பரம், சட்ட விளக்கக் கையேடு எதை எடுத்தாலும் ‘பத்திரப் பதிவு’, ‘கிரயப் பத்திரம்’ என்றே எழுதுகிறார்கள். இரண்டும் மலேசிய நிலச் சட்டத்துக்குப் பொருந்தாத சொற்கள்.

பத்திரம் வடசொல், இலை, பிறகு ஏடு, பிறகு எழுத்துச் சீட்டு. கிரயம் என்றால் விலைக்கு வாங்குதல். சோழர் கல்வெட்டுகள் கிரயப் பத்திரத்தையே ‘விலையாவணம்’ என்கின்றன. வடசொல் என்பதற்காக இவற்றை ஒதுக்க வேண்டியதில்லை. பொருளே தவறு என்பதுதான் குறை.

தமிழ்நாட்டில் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் பதிவது பத்திரத்தை. விற்றவருக்கு நிலம் சொந்தமா என்பதற்கு அந்தப் பதிவு உறுதி தராது. அதனால்தான் அங்கே மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று என்று பின்னோக்கித் தோண்டுகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் இருப்பது டாரன்ஸ் முறை. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் 340ஆவது பிரிவுப்படி, கள்ளக் கையெழுத்து, மோசடி போன்றவை இல்லையென்றால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். இங்கே பதிவாவது உரிமை.

சொல் குழம்பினால் காசு போகும். வழக்கறிஞர் முன் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தியதும் ‘பத்திரம் பதிஞ்சாச்சு’ என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். முத்திரை என்பது வரி கட்டியதற்கான அடையாளம், அவ்வளவுதான். கெரான், அதாவது நில உரிமை ஆவணம், இன்னும் விற்றவர் பெயரில். அவர் அதை அடகு வைக்கலாம். அந்த நிலத்தின் மேல் உரிமை கோரும் வேறொருவர் கேவியட் (மாற்றத்தைத் தடுக்கும் பதிவு) போடலாம். அவர் இறந்துவிட்டால் வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும்.

உண்மையில் நடக்க வேண்டியது வேறு. முதலில் நில அலுவலகத்தில் தேடல். கெரானில் ‘செக்காத்தான் கெப்பெந்திஙான்’ (நிலத்தைக் கைமாற்றுவதற்கான கட்டுப்பாடு) இருந்தால் மாநில அரசின் ஒப்புதல் முன்னதாகவே வேண்டும். பிறகு உரிமையை மாற்றும் 14ஏ படிவம். கையெழுத்துக்கு வழக்கறிஞர் போன்ற தகுதியுள்ளவர் சாட்சி. கையெழுத்தான 30 நாளுக்குள் முத்திரை வரி: குடிமக்களுக்கு முதல் 1 லட்சம் ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு, அடுத்த 4 லட்சத்துக்கு 2 விழுக்காடு. விலக்குச் சலுகை ஏதும் இல்லையென்றால் 2 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு 3,000 ரிங்கிட். அதன்பின் அசல் கெரான், நிலவரி ரசீதோடு நில அலுவலகத்தில் சேர்த்து, சமர்ப்பிப்பு எண் வாங்க வேண்டும். நம்மவர்களுக்கு இடறும் இடம் பெயர்: பழைய கெரானில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் வேறொன்று. இரண்டும் ஒருவரே என்ற சத்தியப்பிரமாணம் இல்லாவிட்டால் கோப்பு திரும்பி வரும்.

கெரானைப் ‘பட்டா’ ஆக்குவோரும் உண்டு. தமிழ்நாட்டுப் பட்டா வருவாய்த்துறைக் குறிப்பு. அதுவே சொத்துரிமைக்கு முடிவான சான்றல்ல. கெரானோ உரிமை ஆவணமேதான். ‘கிராண்ட்’ என்ற ஆங்கிலச் சொல் மலாய் வழியாக வந்து நம் பேச்சிலும் ஊறிவிட்டது. அதை அப்படியே விடலாம், அல்லது ‘நில உரிமை ஆவணம்’ எனலாம்.

14ஏ படிவத்தின் தலைப்பே ‘பிண்டா மிலிக்’ என்றுதான் இருக்கிறது. பிண்டா இடம் மாறுதல், மிலிக் உடைமை. ‘உரிமை மாற்றம்’ என்று எழுதினால் முடிந்தது. ‘பெயர் மாற்றம்’ சரிவராது. சொந்தப் பெயரையே மாற்றிக்கொள்வதற்கும் அதே சொல்தான். ஆனால் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும் ‘கிராண்ட்ல பேர் மாத்துறது’ சட்டத்தை அப்படியே சொல்கிறது. படிவத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் சென்னைச் சொற்பட்டியலை நகலெடுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் முதலில் அவர்களிடம் கேட்கட்டும்.