மார்க்டவுன்: தமிழில் என்ன சொல்லலாம்?

சாதாரண எழுத்துக்கு நடுவே சில குறிகளைப் போட்டு, எது தலைப்பு, எது தடித்த எழுத்து என்று கணினிக்குச் சொல்லும் முறைதான் மார்க்டவுன். வரியின் தொடக்கத்தில் # போட்டு ஓர் இடைவெளி விட்டால் தலைப்பு. சொல்லின் இருபுறமும் \*\* போட்டால் தடித்த எழுத்து. வரியின் தொடக்கத்தில் > போட்டால் மேற்கோள். மார்க்டவுன் அவ்வளவு எளிது. ஜான் குரூபர் 2004-இல் இதை வெளியிட்டார். தொடரியலை வகுப்பதில் ஏரன் சுவார்ட்ஸ் துணை நின்றார். இணையப் பக்கங்களின் மொழியான எச்டிஎம்எல்லாக (HTML) மாற்றாமல் அப்படியே படித்தாலும் கண்ணை உறுத்தக் கூடாது என்பதே நோக்கம். இந்தக் குறிகளில் பலவும் மின்னஞ்சல் எழுதியவர்கள் ஏற்கெனவே தாமாகப் போட்டுப் பழகியவைதான்.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? மார்க்கப் என்பது அச்சகத்துச் சொல். கைப்பிரதியில் எது தலைப்பு, எந்த எழுத்து, என்ன அளவு என்று அச்சுக் கோப்பவருக்குக் குறித்துக் கொடுப்பது. அந்த வேலை கணினிக்கு வந்தபோது சொல்லும் கூடவே வந்தது. HTML என்பதன் கடைசி இரண்டு எழுத்துகள் (Markup Language) அதைத்தான் சுட்டுகின்றன. குரூபர் அதிலிருந்த 'அப்'பை 'டவுன்' ஆக்கினார். இது வெறும் சொல் விளையாட்டு. ஆகவே 'கீழ்க்குறி' என்று பெயர்ப்பது பொருந்தாது. வணிகத்தில் இதே சொல்லுக்கு விலைக் குறைப்பு என்று பொருள்; அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

மார்க்கப் மொழியைப் பலர் 'குறியீட்டு மொழி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறியீடு என்றால் கவிதையில் ஒரு பொருள், கணக்கில் ஒரு பொருள், நிரலாக்கத்தில் இன்னொரு பொருள். ஏற்கெனவே அந்தச் சொல்லுக்குச் சுமை அதிகம். 'குறியிடு மொழி' என்பதே சரியான சொல். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை: குறியிட்ட, குறியிடுகின்ற, குறியிடும் மொழி. குறி என்ற பொருளை விட, இடுதல் என்ற செயலே இங்கே முக்கியம். மார்க்டவுனைப் போல இலேசானவற்றை 'எளிய குறியிடு மொழி' எனலாம். மார்க்டவுன் இயற்பெயர், அதை அப்படியே விட்டுவிடலாம்.

அப்புறம், தமிழில் எழுதுவோருக்கு ஒரு செய்தி. நம் சொற்களில் வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே வரும். 'குறளில்' என்பதில் 'குற'வை மட்டும் தடிக்க வேண்டுமானால் \*\*குற\*\*ளில் என்று உடுக்குறி (\*) போடுங்கள். உடுக்குறிக்குப் பதிலாக அடிக்கோட்டையும் (\_) போடலாம்; ஆனால் மார்க்டவுனின் விதிகளைத் தெளிவாக வகுக்க 2014-இல் வந்த காமன்மார்க் வரையறைப்படி, சொல்லின் நடுவே அடிக்கோடு போட்டால் வேலை செய்யாது.