பட்டன் தேயாத டயர் ஏன் வழுக்கியது?

என் சித்தப்பாவிடம் 1996-இல் வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ் ஈ220 ஒன்று இருக்கிறது. புனேயில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டிய வண்டி. பழைய பென்ஸ் பைத்தியங்கள் இதை டபிள்யூ124 என்பார்கள். கல்யாணம், குலதெய்வக் கோயில், எப்போதாவது ஒரு பாண்டிச்சேரி. வருஷத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே பெரிது.

போன ஐப்பசி மழையில் தாம்பரம் தாண்டி ஒரு சிக்னலில் பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், முன்னால் நின்ற ஆட்டோவுக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. இறங்கி டயரைக் காட்டினார். "பட்டன் எல்லாம் அப்படியே இருக்கே, அப்புறம் ஏன்டா வழுக்குது?"

நியாயமான கேள்விதான். பட்டன் என்பது டயர் ரோட்டைத் தொடும் பரப்பில், பள்ளங்களுக்கு நடுவே நிற்கிற ரப்பர் கட்டைகள். புது கார் டயரில் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும், 1.6-க்குக் கீழே போனால் சட்டப்படி மாற்ற வேண்டும். இவருடையதில் ஆறு இருந்தது. ஆனால் டயரின் பக்கச் சுவரில், ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் 2314 என்று அச்சிட்டிருந்தது. 2014-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம் செய்த டயர் என்று அர்த்தம். அந்த நான்கு இலக்கத்தைப் படித்ததும் பாதி விஷயம் புரிந்துவிட்டது.

டயர் ரப்பரை நுண்ணோக்கிக்கும் எட்டாத அளவில் பார்க்க முடிந்தால், இடியாப்பம் மாதிரி சிக்குண்ட நீளமான இழைகளாக இருக்கும். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது, இழைக்கும் இழைக்கும் நடுவே ஆங்காங்கே முடிச்சு விழுகிறது. இழுத்தால் நீண்டு, விட்டால் பழையபடி திரும்புவது இந்த முடிச்சுகளால்தான். முடிச்சு கம்மியானால் பிசின், அதிகமானால் கட்டை. தொழிற்சாலையில் அளவாகப் போட்ட முடிச்சுகளோடு வேலை முடிவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் ரப்பருக்குள் மெல்ல ஊறி, வருஷக்கணக்கில் புதுப்புது முடிச்சுகளைப் போட்டுக்கொண்டே இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் இந்த மாதிரி வினைகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும். சென்னை வெயிலில் நிற்கிற வண்டிக்கு இது என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஓசோன் இன்னொரு எதிரி. அது மேற்பரப்பில் இழைகளையே வெட்டும். பக்கச் சுவரில் தலைமுடி அளவுக்கு ஓடும் வெடிப்புகள் அதன் கைவேலை. இதைத் தடுக்க டயருக்குள் மெழுகும் சில காப்பு வேதிப்பொருட்களும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நெளிய நெளிய அவை உள்ளிருந்து மேலே கசிந்து வந்து ஒரு மெல்லிய தோலாகப் படியும். டயரில் சில நேரம் தெரிகிற பழுப்பு நிறம் இதுதான். ஷெட்டிலேயே நிற்கும் வண்டியில் டயர் நெளிவதில்லை, அதனால் காப்பும் சரியாக மேலே வருவதில்லை. ஆக, ஓடாத வண்டியின் டயர் பத்திரமாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது அது நின்ற இடத்திலேயே கிழடாகிறது. (பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கினால் இளமை திரும்பாது. கண்ணுக்கு மட்டும் மை வைத்த மாதிரி.)

சரி, ரப்பர் இறுகினால் ஏன் வழுக்க வேண்டும்? தார் ரோடு பார்க்கத்தான் சமம். கிட்டே குனிந்து பார்த்தால் ஜல்லியின் முனைகள், அந்த முனைகளின் மேல் இன்னும் நுண்ணிய முட்கள். மெத்தென்ற ரப்பர் இந்த மேடுபள்ளங்களுக்குள் வழிந்து இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. சறுக்கப் பார்க்கும்போது ஒவ்வொரு முள்ளும் ரப்பரை அமுக்கி விடுகிறது. அமுங்கிய ரப்பர் உடனே நிமிராமல் கொஞ்சம் சோம்பலாக நிமிர, அந்தச் சோம்பலில் ஆற்றல் வெப்பமாகக் கரைகிறது. நாம் பிடிப்பு என்று சொல்வதில் பெரும் பங்கு இந்தச் சோம்பலுடையது. இறுகிய ரப்பர் முட்களின் தலையில் மட்டும் உட்கார்ந்து தாண்டிப் போய்விடும். ஈரத்தில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் ரப்பரும் கல்லும் நேராக ஒட்டும் ஒட்டுதலைத் தண்ணீர்ப் படலம் தடுத்துவிடுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரப்பர் சோம்பலாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஆற்றல் வீணாகி மைலேஜ் குறையும். மணிக்கு 80 கிலோமீட்டரில் இந்த வண்டியின் சக்கரம் நொடிக்கு 11 தடவை சுற்றுகிறது. உருளும்போது வரும் நெளிவு அந்த மெதுவான தாளத்தில் வருகிறது. சறுக்கும்போது ரோட்டின் முட்கள் தட்டுவதோ நொடிக்குப் பல்லாயிரம் தடவை. மெதுவான தாளத்தில் சுறுசுறுப்பாகவும் வேகமான தாளத்தில் சோம்பேறியாகவும் இருக்கிற ரப்பர் கிடைத்தால் இரண்டும் நடக்கும். டயர் ரப்பரில் வழக்கமாகச் சேர்க்கும் கார்பன் கரிக்குப் பதிலாக, மணலில் இருக்கிற சிலிக்காவைப் பொடியாகக் கலந்தபோது இது சாத்தியமானது. 1990-களின் தொடக்கத்தில் மிஷலின் என்ற பிரெஞ்சு டயர் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அதாவது சித்தப்பாவின் வண்டியை வடிவமைத்தவர்கள் கண்டிராத நல்ல டயர்கள் இன்று சாதாரணக் கடையில் கிடைக்கின்றன.

கடைக்குப் போனோம். "சார், இந்த டயர் போடுங்க, எண்பதாயிரம் கிலோமீட்டர் அடிக்கும்" என்றார் கடைக்காரர். வருஷத்துக்கு மூவாயிரம் ஓடுகிற வண்டிக்கு எண்பதாயிரம் என்பது இருபத்தாறு வருஷக் கணக்கு. அதற்குள் ரப்பர் மூன்று தடவை செத்திருக்கும். சித்தப்பா மாதிரி ஆட்களுக்கு நீண்ட ஆயுளுக்காகச் செய்த டயர் வீண் செலவு. சீக்கிரம் தேய்ந்தாலும் பரவாயில்லை, ஈரத்தில் நன்றாகப் பிடிக்கிற, சத்தம் குறைந்த டயரே சரி. டாக்சி ஓட்டுபவருக்கு இதே கணக்கு தலைகீழாக வரும்.

அடுத்து கடைக்காரர், "பதினேழு இன்ச் அலாய் போட்டுடலாமே, வண்டி கெத்தா இருக்கும்" என்றார். இங்கேதான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். வண்டியோடு வந்த அளவு 195/65 ஆர்15. அகலம் 195 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 127 மில்லிமீட்டர். ரிம் 15 அங்குலம், 381 மில்லிமீட்டர். மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் ரிம்: மொத்த விட்டம் 634. கடைக்காரர் சொன்ன 225/45 ஆர்17-ஐக் கூட்டினால் அதுவும் 634தான். ஸ்பீடோமீட்டர் துளிகூடப் பொய் சொல்லாது. ஆனால் பக்கச் சுவர் 127-இலிருந்து 101-க்கு இறங்கிவிடுகிறது. குழியில் விழும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நிற்கிற காற்று மெத்தையில் இரண்டரை சென்டிமீட்டர் போச்சு.

சொகுசு கார் என்பதில் சீட்டும் மரப்பலகை வேலைப்பாடும் மட்டும் அடக்கமில்லை. சஸ்பென்ஷனில் முதல் ஸ்பிரிங்கே டயருக்குள் இருக்கும் காற்று. இந்த வண்டியின் பின் சக்கரங்களை ஆளுக்கு ஐந்து தண்டுகள் தாங்குகின்றன. அவற்றின் மூட்டுகளில் மெத்தையாக இருக்கும் ரப்பர் புஷ்களையும் ஷாக் அப்சார்பரையும் உயரமான சுவருள்ள டயரை மனத்தில் வைத்துத்தான் பொறியாளர்கள் அளந்தார்கள். மெல்லிய டயர் மாட்டினால் ஒவ்வொரு அதிர்வும் முப்பது வயதாகப் போகிற அந்த புஷ்களுக்கு நேராகப் போகும். இந்த மாதிரி காரில் பெரிய ரிம் போடுவது, என் கணக்கில், காசு கொடுத்துச் சொகுசைக் கழற்றி வைப்பது. பழைய அளவையே கேட்டோம். பல சாதாரணக் கார்களுக்கும் வரும் அளவு என்பதால் தேட வேண்டியிருக்கவில்லை.

அளவுக்குப் பக்கத்தில் 91வி என்று இருந்தது. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். வி என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. இந்த எண்ணிலிருந்து கீழே இறங்கக் கூடாது.

மழைக்கு வருவோம். 80 கிலோமீட்டர் வேகத்தில், ரோட்டில் 3 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றால், 195 மில்லிமீட்டர் அகல டயர் ஒன்று நொடிக்கு 13 லிட்டரை விலக்க வேண்டும். ஒரு நொடிக்கு ஒரு பக்கெட்! பள்ளங்கள் அந்தத் தண்ணீருக்கான வாய்க்கால். வாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழைந்து வண்டியைத் தூக்கிவிடும். 1960-களில் நாசா விமான டயர்களை வைத்து இதற்கு ஒரு சூத்திரம் கண்டது: தண்ணீர் ஆழமாக இருந்து பள்ளங்களால் வெளியேற்ற முடியாதபோது, டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 32 பவுண்டு காற்றில் சுமார் 94 கிலோமீட்டர். 24-க்கு இறங்கிவிட்டால் சுமார் 82. நின்றே கிடக்கிற வண்டியில் காற்று இறங்குவது யாருக்கும் தெரியாது. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது இந்த பென்ஸில் பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும்.

"ரெண்டு மட்டும் இப்போ மாத்திட்டு, அதை முன்னாடி போடலாமா?" என்று சித்தப்பா இழுத்தார். இரண்டுதான் வாங்குவதென்றால் புதுசு பின்னால் போக வேண்டும். முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். பின்பக்கம் வழுக்கினால் பம்பரம்தான். கடைசியில் நான்குமே வாங்கினார்.

கடைப் பையன் முதலில் உருட்டி வந்த நான்கு டயரில் இரண்டில் மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி இருந்தது. "கவர் பிரிக்காதது சார், புதுசுதான்" என்றான். திருப்பி அனுப்பினோம். பல கார் நிறுவனங்கள் ஆறு வருஷத்தில் டயரை மாற்றச் சொல்கின்றன. அதில் பாதியைக் குடோனிலேயே கழித்துவிட்டு வந்த டயருக்கு ஏன் முழுக் காசு?

மாட்டி, பேலன்ஸ் செய்து, அலைன்மென்ட்டும் பார்த்து முடிந்தது. கிளம்பும்போது எதற்கும் இருக்கட்டும் என்று டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் திருப்பிப் பார்த்தேன். ரோட்டையே தொடாத டயர், பட்டன் எல்லாம் முழுசாக. தேதி இருக்கிற இடத்தில் மூன்றே இலக்கம்: 116. நான்கு இலக்க வழக்கம் 2000-த்தில்தான் வந்தது. 11-ஆவது வாரம், 1996.

சித்தப்பா கடைக்காரரைத் திரும்பக் கூப்பிட்டார். "தம்பி, இன்னொண்ணு இருக்கா?"