அஞ்சு மாத்திரை மட்டும் வெட்டிக் குடு கண்ணு

போன ஜனவரியில் ஒரு பெரியவர் எங்கள் மருந்துக்கடைக்கு வந்தார். கீழ்கோத்தகிரிப் பக்கம் அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர். “அட்டை முழுசா வேண்டாம், அஞ்சு மாத்திரை மட்டும் வெட்டிக் குடு கண்ணு. கொழுந்து வரட்டும், மீதிய வாங்கிக்கிறேன்” என்றார்.

சீட்டைப் பார்த்தேன். ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் டிக்காக்ரெலார், காலை ஒன்று, இரவு ஒன்று. நான்கு மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து, கோவையில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஐந்து மாத்திரை இரண்டரை நாளுக்குத்தான் வரும். விசாரித்தால், ராத்திரி மட்டும் போடுகிறாராம். பனி விழ ஆரம்பித்ததிலிருந்தே அப்படித்தானாம்.

கோத்தகிரியில் பல வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். உறைபனியில் கொழுந்து கருகும் மாதங்களிலும், பச்சைத் தேயிலை விலை இறங்கும் மாதங்களிலும் என் கத்தரிக்கோலுக்கு வேலை கூடிவிடும். “கிராமத்து ஜனங்க மாத்திரையை மறந்துடுவாங்க” என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாதத்துக்கு அறுபது மாத்திரை, கையில் இருப்பது முப்பதுக்கான காசு. அதை வைத்து நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் பாதியாக்குகிறார்கள். அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாய்க்குள் வைக்கும் உலோக வலை. அதன்மேல் உள்தோல் வளர்ந்து மூடும்வரை ரத்தத் தட்டணுக்கள் அதில் ஒட்டி உறையப் பார்க்கும். உறைந்தால் குழாய் திடீரென்று அடைத்து, மறுபடி மாரடைப்பு வரும். அதனால்தான் ஆஸ்பிரினோடு டிக்காக்ரெலார் மாதிரி இன்னொரு மாத்திரையும் சேர்த்து, மாரடைப்புக்குப் பின் வழக்கமாக ஒரு வருடம் கொடுக்கிறார்கள். டிக்காக்ரெலார் தட்டணுவைப் பிடித்து, சில மணி நேரத்தில் விட்டுவிடும். இரண்டு வேளை எழுதுவது அதற்காகத்தான். ராத்திரி மட்டும் போட்டால் மறுநாள் சாயங்காலம் காவல் தளர்ந்திருக்கும். அதே வேலையைச் செய்யும் குளோபிடோக்ரெல் அப்படியில்லை, பிடித்த தட்டணுவை அதன் ஆயுள் முழுக்க விடாது. நாளுக்கு ஒன்று போதும், விலையும் குறைவு, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். எல்லாருக்கும் மாற்றிவிட முடியாது; யாருக்கு மாற்றலாம், முதல் வேளை எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கே அவருடைய டாக்டரிடம் போனில் பேசினேன். மாற்றி எழுதினார். பெரியவர் இப்போது ஒரு வேளைகூட விடுவதில்லை.

ஒரு விஷயம் இன்னும் உறுத்துகிறது. ஸ்டென்ட் விலைக்கு 2017லேயே மத்திய அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஸ்டென்ட் வைப்பதற்கும் உதவி உண்டு. அதைக் காப்பாற்ற எழுதிய டிக்காக்ரெலாருக்கு மட்டும் அந்தப் பெரியவருக்கு மாதாமாதம் கைக்காசு. வீட்டுக்கு அனுப்பும்போது “இதை வாங்க முடியுமா?” என்று அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மாத்திரையை விட்டுவிட இன்னொரு காரணம் இந்த மலைக்கே உரியது. டிக்காக்ரெலார் சிலருக்கு மூச்சு வாங்குகிற மாதிரி உணர்வைத் தரும். இங்கே ஏற்றம் ஏறினாலே மூச்சு வாங்கும், குளிர் வேறு. ‘மாத்திரை ஒத்துக்கல’ என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று உண்டு.

இதயம் பலவீனமானவர்களுக்கு எழுதும் சாக்குபிட்ரில்–வால்சார்டன் ஒரு காலத்தில் ஒரே கம்பெனி மாத்திரையாக இருந்தது. சீட்டைக் காட்டி விலை கேட்டுவிட்டு, வாங்காமலே திரும்பிப் போனவர்கள் உண்டு. 2023இல் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கின. விலை நன்றாக இறங்கிவிட்டது. சர்க்கரைக்கும் இதய பலவீனத்துக்கும் எழுதும் டாபாகிளிஃப்ளோசினும் இப்படி விலை இறங்கியதுதான். பழைய சீட்டில் பழைய பிராண்டையே வாங்கிக்கொண்டிருந்தால், “இதே மருந்து விலை குறைவா இருக்கா?” என்று டாக்டரிடமும் கடையிலும் தயங்காமல் கேளுங்கள். மத்திய அரசின் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள்.

சாக்குபிட்ரில்–வால்சார்டன் தீர்ந்துபோனால், வீட்டில் கிடக்கும் எனலாப்ரில் என்ற பழைய ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுச் சமாளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் 36 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் முகம், நாக்கு, தொண்டை வீங்கி மூச்சே அடைக்கலாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்த மாத்திரை கொடுக்கும் ஊழியரிடமும் உங்கள் இதய மருந்துச் சீட்டைக் காட்டிவிடுங்கள்.

காசுக்குச் சம்பந்தமே இல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டும். கட்டபெட்டுப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவுக்குக் கால் வீக்கம் வடியவே இல்லை. விலை கூடிய மாத்திரைகளை எல்லாம் ஒழுங்காகப் போடுகிறார். சில ரூபாய் நீர் மாத்திரையை மட்டும் விட்டுவிடுகிறார். “தோட்டத்துல எங்க சாமி போறது?” என்றார். கழிப்பறை இல்லாத காட்டில் காலை எட்டு மணிக்கு அந்த மாத்திரையைப் போடச் சொன்னது நாங்கள்தானே. டாக்டரிடம் கேட்டு, கொழுந்தை எடை போட்டுவிட்டு வீடு திரும்பியதும் போடுகிற மாதிரி மாற்றினோம். இரண்டு வாரத்தில் செருப்பு பழையபடி காலில் ஏறியது.

“ஒழுங்கா சாப்பிடறீங்களா?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். திட்டு விழும் என்ற பயம். அதனால் நான் “எத்தனை மிச்சம் இருக்கு?” என்றுதான் கேட்பேன். வீட்டில் இருக்கும் பிள்ளைகளும் அப்படியே கேட்டுப் பாருங்கள்.

மழைக்காலத்தில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைத்தால் கீழேயிருந்து மருந்து வண்டி வராது. ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாள் மாத்திரை கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காசு இல்லையென்றாலும், தீர மூன்று நாள் இருக்கும்போதே கடைக்கு வாருங்கள். சீட்டோடு வெறும் அட்டைகளையும் கொண்டு வாருங்கள். எண்ணிப் பார்த்துவிட்டு டாக்டரிடம் நானே பேசுகிறேன்.