பர்னஸ் மாற்றினால் அரசுப் பணம் வருமா? ஆளை விழவைக்கும் இடங்கள்

2026 ஜனவரியில் அமெரிக்காவில் தெரிந்தவர் ஒருவர் எனக்கு ஒரு இன்வாய்ஸ் அனுப்பினார். அதில் இருந்தது ஒரே ஒரு வரி: 'ஹீட் பம்ப் சிஸ்டம், பொருத்துகூலி உட்பட, 14,800 டாலர்'. ஹீட் பம்ப் என்பது வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்கிற மின்சார மெஷின். மாடல் நம்பர் இல்லை, வேலை முடிந்த தேதி இல்லை. "டாக்ஸ் கிரெடிட் 2,000 டாலர் வரும்னு விற்க வந்தவர் சொன்னார், எந்தப் படிவத்துல போடணும்?" என்று கேட்டிருந்தார். விசாரித்தால், பணம் முழுக்கக் கட்டியது 2025 டிசம்பர் கடைசி வாரம், மெஷின் வந்து ஓட ஆரம்பித்தது ஜனவரி இரண்டாவது வாரம். ஒரு டாலர்கூட வராது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. விற்றவர் அதற்குள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

கதை சுருக்கம் இதுதான். அமெரிக்காவில் வீட்டைச் சூடாக்கும் பர்னஸ், ஏசி, ஹீட் பம்ப் மாற்றினால் செலவில் 30 சதவீதத்தை வரியில் கழித்துக்கொள்ள ஒரு சலுகை இருந்தது, பெயர் 25சி. 2032 வரை இருக்கும் என்று 2022-ல் சொன்னார்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் அதை 2025 டிசம்பர் 31-ஓடு முடித்துவிட்டது. பணம் கட்டிய தேதி கணக்கில்லை, பொருத்தி முடித்த தேதிதான் கணக்கு. 2026-ல் வாங்கிப் பொருத்துகிறவரிடம் யாராவது இந்தச் சலுகையைக் காட்டி விலை பேசினால், ஒன்று அவருக்கு விஷயம் தெரியவில்லை, இல்லை தெரிந்தே பேசுகிறார்.

2025-லோ அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலோ தங்கள் வீட்டில் பொருத்திக்கொண்டவர்கள் இன்னும் கேட்கலாம். படிவம் 5695. வரி ரிட்டர்னில் போட மறந்திருந்தால் திருத்திய ரிட்டர்ன் போட பொதுவாக 3 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் போடுவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

30 சதவீதம் என்றதும் 9,000 டாலர் பர்னஸுக்கு 2,700 என்று மனசு கணக்குப் போட்டுவிடும். கேஸ் பர்னஸுக்கு உச்சவரம்பு 600, சென்ட்ரல் ஏசிக்கு 600, அவ்வளவுதான். இந்த மூன்றில் 2,000 என்பது ஹீட் பம்புக்கு மட்டும். விற்பவர்கள் பெரிய எண்ணை மட்டும் சொல்லுவார்கள்.

அடுத்து, மெஷின் மேல் எனர்ஜி ஸ்டார் என்ற சிக்கன முத்திரை ஸ்டிக்கர் இருந்தால் போதும் என்று நம்புவது. போதாது. 2025-ல் கேஸ் பர்னஸ் என்றால் ஏஎஃப்யூஇ, அதாவது எரிகிற கேஸில் எவ்வளவு சூடாக மாறுகிறது என்ற அளவு, 97 சதவீதமாவது இருக்க வேண்டும். பரவலாகப் பொருத்துகிற சாதாரண 80 சதவீத பர்னஸ் கிட்டேயே வராது, நல்லது என்று விற்கப்படும் 95-ம் தேறாது. ஸ்பிளிட் வகை சென்ட்ரல் ஏசிக்கு மின்சிக்கன அளவுகளான சீர்2 17, இஇஆர்2 12, இரண்டும் சேர்ந்தே வேண்டும். வெளியே இருக்கும் யூனிட்டை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே குளிர்விக்கும் பழைய காயிலை விட்டுவைத்தால் அந்த எண் வராது. 2025-க்கு இன்னொரு தலைவலியும் சேர்ந்தது: தயாரிப்பாளரின் நான்கு எழுத்துக் குறியீட்டை ரிட்டர்னில் எழுத வேண்டும். இன்வாய்ஸில் மாடல் நம்பரே இல்லாதவர் இதை எங்கே போய்த் தேடுவார்? பொருத்தியவரிடம் மாடல் நம்பர், சீரியல் நம்பர், வேலை முடிந்த தேதி மூன்றையும் எழுதி வாங்குங்கள். அவர் இழுத்தடித்தால் மெஷின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கு வீட்டுக்காரர் இதைக் கேட்க முடியாது. நம்மவர்கள் முதலீடாக வாங்கிப் போட்ட இரண்டாவது வீட்டில்தான் இது அதிகம் நடக்கிறது. புதிதாகக் கட்டிய வீட்டோடு வந்த மெஷினுக்கும் கிடையாது.

எனக்கு ரொம்ப வருத்தம் தருவது இது: இந்தச் சலுகை கட்ட வேண்டிய வரியைக் குறைக்கும், பூஜ்யத்துக்குக் கீழே போகாது, மிச்சம் அடுத்த ஆண்டுக்கும் போகாது. வரியே வராத வருமானத்தில் வாழும் வயதானவர் கடன் வாங்கி பர்னஸ் போட்டால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. இதையும் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ரீஃபண்ட் வந்தது, அதனால் எனக்கு வரி இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ரீஃபண்ட் வேறு, மொத்த வரி வேறு. சம்பளத்தில் பிடித்ததில் கொஞ்சம் திரும்பி வந்தாலும் மொத்த வரி என்ற கட்டத்தில் தொகை இருந்தால் சலுகை வேலை செய்யும்.

சரி, இப்போது மெஷின் செத்துப்போயிருக்கிறது, என்ன செய்வது? முதலில் ஒரு மிரட்டலை ஒதுக்கி வையுங்கள். "ஏசியில் இருக்கும் பழைய கேஸைத் தடை செய்துவிட்டார்கள், முழு சிஸ்டத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டும்" என்பார்கள். 2025 ஜனவரி 1 முதல் ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் வாயுவில் ஓடும், வீட்டுக்கான புது ஏசிகளைத் தயாரிக்கக் கூடாது என்பதுதான் விதி. வீட்டில் ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றச் சொல்லவில்லை, அதை ரிப்பேர் செய்யவும் வாயு நிரப்பவும் தடை இல்லை. ஒரு கசிவை அடைத்தால் தீருகிற விஷயத்துக்கு ஐந்து இலக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வருமானம் குறைவு என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே விண்ணப்பம் போயிருக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் பத்தாது. மாநிலங்கள் வழியாக வரும் ஹீட் பம்ப் ரிபேட் (விலையில் கழிவு) 8,000 டாலர் வரை. உங்கள் வருமானம் அந்தப் பகுதியின் நடுத்தர (மீடியன்) வருமானத்தில் 150 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கிடையாது, கேஸ் பர்னஸுக்கும் கிடையாது, எல்லா மாநிலத்திலும் நடக்கவும் இல்லை. ஏற்கெனவே பொருத்தி முடித்ததற்குப் பின்னால் போய்க் கேட்டால் கைவிரித்துவிடுவார்கள். வீட்டை எரிசக்தி வீணாகாதபடி சீரமைத்துத் தரும் வெதரைசேஷன் என்ற அரசுத் திட்டம் பர்னஸையே மாற்றித் தரலாம், வறுமைக்கோட்டின் 200 சதவீதம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு, வாடகைக்கு இருப்பவர்களுக்கும். ஆனால் காத்திருப்புப் பட்டியல் நீளம், நடுக்குளிரில் அதை நம்பி உட்கார முடியாது.

நடுக்குளிருக்கு உள்ளது லைஹீப். வருமானம் குறைந்தவர்களுக்கு ஹீட்டிங் பில் கட்ட உதவுகிற அரசுத் திட்டம் என்றே எல்லோருக்கும் தெரியும். அதற்குள் நெருக்கடி உதவி என்று ஒரு பகுதி இருக்கிறது, பல மாநிலங்களில் அதிலிருந்து பர்னஸ் ரிப்பேர் செய்கிறார்கள், மாற்றியும் தருகிறார்கள். மாநில அலுவலகத்துக்குப் போன் போட்டு அரை நாளை வீணாக்க வேண்டாம். விண்ணப்பம் வாங்குவது பெரும்பாலும் உள்ளூர் சமூக நல அமைப்பு, 211 என்ற உதவி எண்ணை அழைத்தால் எது என்று சொல்லுவார்கள். அங்கே போனால், 'இந்த ஆண்டு விண்ணப்பம் முடிந்தது' என்ற பதில் வரலாம். அது பில் உதவிக்கு முடிந்திருக்கும். நெருக்கடி உதவிக்கு மார்ச் 15 வரை நியாயமான ஒரு தொகையை ஒதுக்கி வைக்கச் சட்டமே சொல்கிறது, அதனால் அதைத் தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தகுதி உள்ளவர் விண்ணப்பித்தால் 48 மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு வழியில் நெருக்கடியைத் தீர்க்க வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் 18 மணி நேரம். கவுன்டரில் இருப்பவர் இதை அவராக எடுத்துச் சொல்ல மாட்டார்.

போனில் "ஹீட்டர் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரத்துக்கு ஒரு நாள் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குள் இப்போது எத்தனை டிகிரி, 70 வயது அம்மாவோ கைக்குழந்தையோ உள்ளே இருக்கிறார்களா, ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறதா, இதைச் சொல்லுங்கள். தெர்மோஸ்டாட்டைப் போட்டோ எடுங்கள். பேசியவர் பெயரையும் பேசிய நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள், அந்த 18 மணி நேரத்தை நாம்தான் எண்ண வேண்டியிருக்கும்.