கடைசிப் பொத்தானில் தொடங்கும் சிகிச்சை

பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்து, மனச்சோர்விலும் முடங்கிக் கிடக்கும் தந்தைக்கு மருத்துவமனையில் ஒருவர் தினமும் வந்து சட்டை போடப் பழக்குகிறாராம். "இதுவும் ஒரு சிகிச்சையா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

சிகிச்சைதான். ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர்; அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்குவது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரை மனச்சோர்வும் பிடித்துக்கொள்கிறது. மனம் சோர்ந்தவர் அசைய மாட்டார். அசையாத தசை கரையும். மனச்சோர்வு மாத்திரை பலன் காட்டச் சில வாரங்கள் பிடிக்கும். தசை அதுவரை காத்திருக்காது.

சட்டை போடுவதைத் தெரபிஸ்ட் படிப்படியாகப் பிரிக்கிறார். முதலில் தளர்ந்த கையை நுழைக்க வேண்டும். சட்டையைத் தோள்வரை ஏற்றி, முதுகுப்புறம் சுற்றிக் கொண்டுவந்து, நல்ல கையை நுழைத்துப் பொத்தான் போட வேண்டும். (கழற்றும்போது நல்ல கைதான் முதலில்.) தொடக்கத்தில் அத்தனையையும் தெரபிஸ்டே செய்துவிட்டு, கடைசிப் பொத்தானைத் துளையில் பாதி நுழைத்து நிறுத்திக்கொள்வார். மீதியை நோயாளி இழுத்துவிட்டால் போதும். அது கைவந்ததும் கடைசிப் பொத்தான் முழுவதும் அவருடையது. பிறகு கடைசி இரண்டு. இப்படியே பின்னாலிருந்து முன்னால் வருவார்கள்.

ஏன் தலைகீழாக? முதல் படியிலிருந்து பழக்கினால் நோயாளி நடுவில் திணறுவார், மீதியை வேறொருவர் முடித்துவைப்பார். கடைசியில் அவர் மனத்தில் நிற்பது தோல்வி. பின்னாலிருந்து வந்தால், செய்தது அரைப் பொத்தானே ஆனாலும் வேலையை முடித்தவர் அவர்தான். எதிர்பார்த்ததைவிட நல்ல பலன் கிடைக்கும்போது மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கூடுதலாகச் சுறுசுறுப்படைகின்றன. 'என்னால் ஒன்றும் ஆகாது' என்று முடிவுகட்டியவருக்கு ஒரு பொத்தானே எதிர்பாராத பலன் அல்லவா? டோபமைனையும் பொத்தானையும் முடிச்சுப் போடுவது என் ஊகம்தான். ஆனால் எனக்குப் பிடித்த ஊகம். ஆகவே உறவினர்கள் மனம் பொறுக்காமல் பாய்ந்து பொத்தானை மாட்டிவிட்டால், அந்தப் பலனைப் பறித்துக்கொள்கிறார்கள்.

'பொத்தான்தானே' என்பவர்களுக்கு: வென்டிலேட்டரில் இருந்த 104 நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2009இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் முதல் சில நாட்களிலேயே தொடங்கின. அவர்களில் 59 சதவீதத்தினர் மருத்துவமனையை விட்டுப் போகும்போது தாமே குளித்து, உடுத்தி, நடந்தார்கள். மற்றப் பிரிவில் 35 சதவீதத்தினர்தான். கடும் நோயில் வரும் மனக்குழப்பம் (டெலிரியம்) நீடித்த காலமும் நான்கு நாட்களிலிருந்து இரண்டாகக் குறைந்தது. உடலோடு மனமும் தெளிந்தது. இவ்வளவு பலன் தரும் மாத்திரை ஒன்று இருந்தால் விளம்பரம் தூள் பறந்திருக்கும். சட்டை போடப் பழக்குவதற்குக் காப்புரிமை கிடையாது. மருந்து நிறுவனம் எதுவும் இதில் பணம் போடாது. இந்த ஆராய்ச்சிக்கு அரசுப் பணம்தான் வர வேண்டும் என்பேன்.